கடலூரிலிருந்தே ஆதி கேலக்ஸிகளின் பொலிவை அளக்கலாம்: எம்.எஸ்சி. மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலூரிலோ புதுச்சேரியிலோ இயற்பியல் எம்.எஸ்சி. படிக்கிறீர்கள். கடைசி செமஸ்டர் புராஜெக்ட்டுக்கு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் தரவை எடுத்து உண்மையான அளவீடு ஒன்றைச் செய்து பார்க்க ஆசை. துறையிலோ வானியலுக்கென்று தனி ஆசிரியர் இல்லை. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் இதே வேலையைச் செய்தபோது ஒவ்வொரு படியும் ஒவ்வொரு இடத்தில் சிதறிக் கிடந்தது. ஆய்வுக் கட்டுரைகள் பாதியை "எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று தாண்டிப் போய்விடுகின்றன. அந்தப் பாதியைத் தேடி அலைவதிலேயே செமஸ்டர் கரைந்துவிடும். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

முதலில் எதற்காக அளக்கிறோம் என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன். பெருவெடிப்புக்குச் சில லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகு அண்டத்திலிருந்த ஹைட்ரஜன் மின்னூட்டமற்ற வாயுவாக ஆனது. பிறகு முதல் நூறு கோடி ஆண்டுகளுக்குள் ஏதோ ஒன்று அதை மீண்டும் எலெக்ட்ரான், புரோட்டான் என்று பிரித்துவிட்டது. இதுதான் மறு அயனியாக்கம். ஒரு ஹைட்ரஜன் அணுவைப் பிரிக்க 13.6 எலெக்ட்ரான் வோல்ட் வேண்டும். அந்த ஆற்றலுள்ள புற ஊதா ஒளியைப் போதுமான அளவு கொடுத்தவை ஆதி கேலக்ஸிகள்தானா என்பது கேள்வி. இதற்குப் பதில் தேட, ஒவ்வொரு கேலக்ஸியும் புற ஊதாவில் எவ்வளவு பொலிவானது என்று தெரிந்தாக வேண்டும். நீங்கள் அளக்கப் போவது அந்த ஓர் எண்ணைத்தான்.

1. கேள்வியைச் சிறிதாக்குங்கள்

"மறு அயனியாக்கம் பற்றிய ஆய்வு" என்று தலைப்புக் கொடுத்தால் முடிக்க முடியாது. "செம்பெயர்ச்சி 6.5-க்கும் 7.3-க்கும் இடைப்பட்ட பத்துக் கேலக்ஸிகளின் புற ஊதாத் தனிப் பொலிவெண்" என்று கொடுங்கள். இது ஒரு செமஸ்டரில் முடியக்கூடிய வேலை. செம்பெயர்ச்சி என்பது அண்டம் விரிவதால் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டது என்று சொல்லும் எண், அது கூடக் கூடக் கேலக்ஸி தொலைவானது. தனிப் பொலிவெண் என்பது தொலைவின் விளைவை நீக்கிய பொலிவு எண், 8-ஆம் படியில் விளக்குகிறேன்.

ஏன் 7.3 வரை என்றால், அதற்கு ஒரு காரணம் உண்டு. ஹைட்ரஜனின் லைமன் ஆல்ஃபா கோடு 1216 ஆங்ஸ்ட்ரமில் இருக்கிறது. அதற்குக் கீழான அலைநீள ஒளியை வழியிலுள்ள ஹைட்ரஜன் விழுங்கிவிடுவதால், அந்த இடத்தில் கேலக்ஸியின் ஒளி திடீரென்று அறுபடும். செம்பெயர்ச்சி 7-இல் இந்த வெட்டு 8 மடங்கு நீண்டு 0.97 மைக்ரானில் விழும். வெப்பின் நியர்கேம் கேமராவில் எஃப்115டபிள்யூ ஃபில்டர் ஏறத்தாழ 1.01 மைக்ரானில் தொடங்குகிறது, அதனால் அது வெட்டைத் தொடாமல் முழு ஒளியையும் பிடிக்கும். 7.3-ஐத் தாண்டினால் வெட்டு அந்த ஃபில்டருக்குள்ளேயே நுழைந்து, பொலிவைக் குறைத்துக் காட்டத் தொடங்கும். தொலைவான கேலக்ஸிகளைத்தான் எடுப்பேன் என்றால் எஃப்150டபிள்யூ-வுக்கு மாறுங்கள்.

இன்னொன்று. சாதனைத் தொலைவில் இருக்கும் கேலக்ஸிகளின் பின்னால் போகாதீர்கள். செய்தியில் வருவது செம்பெயர்ச்சி 14-தான். ஆனால் கற்றுக்கொள்ள ஏற்றது செம்பெயர்ச்சி 7, ஏனென்றால் அங்கே உங்கள் விடையைச் சரிபார்க்க வெளியான அளவீடுகள் ஏராளம்.

2. கல்லூரித் தாள்களை முதலிலேயே முடித்துவிடுங்கள்

தலைப்பு ஒப்புதல் படிவம், வழிகாட்டி ஆசிரியரின் சம்மதக் கடிதம், வெளி ஆசிரியர் ஒருவர் இணை வழிகாட்டியாக இருந்தால் அவருடைய கடிதம். இந்த மூன்றும் செமஸ்டர் தொடங்கும் முன்பே கையில் இருக்கட்டும். உங்கள் ஆசிரியர் திண்மநிலை இயற்பியலோ நிறமாலையியலோ நடத்துபவராக இருந்தாலும் கவலை வேண்டாம். "அளவீடு, பிழைக் கணக்கு, பைத்தான்" என்ற மூன்று சொல்லில் புராஜெக்ட்டை அவருக்கு விளக்குங்கள். பிழைக் கணக்கைப் பிரித்து மேயத் தெரிந்த ஓர் ஆய்வக ஆசிரியர் இந்த வேலைக்கு மிகப் பெரிய பலம்.

இணை வழிகாட்டி தேடுவதென்றால் கோடை விடுமுறையிலேயே எழுதுங்கள். பெங்களூரு இந்திய வான் இயற்பியல் நிறுவனம், புனே ஐயுகா, சென்னை கணித அறிவியல் நிறுவனம் என்று பேராசிரியர்களின் முகவரிகள் இணையத்தில் பொதுவில் கிடைக்கின்றன. நான்கு வரிக்கு மேல் எழுத வேண்டாம். என்ன செய்யப் போகிறீர்கள், எந்தத் தரவு, எதில் ஐயம் என்று குறிப்பாகக் கேட்டால் பதில் வரும். "வானியலில் ஆர்வம் உண்டு, உதவுங்கள்" என்ற கடிதத்துக்குப் பெரும்பாலும் பதில் வராது.

3. செலவு

தரவு இலவசம். கட்டுரைகள் ஆர்க்சைவ் தளத்தில் இலவசம். ஆஸ்ட்ரோபை, ஃபோட்யூட்டில்ஸ் என்ற பைத்தான் தொகுப்புகள், படம் பார்க்கும் டிஎஸ்9, எல்லாமே இலவசம். யாராவது "வெப் தரவுப் பயிற்சி" என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

செலவாவது கணினிக்குத்தான். 8 ஜிபி நினைவகத்தில் சிறு வெட்டுப் படங்களை (கேலக்ஸியைச் சுற்றியுள்ள பகுதியை மட்டும் வெட்டியெடுத்தவை) வைத்து வேலை செய்யலாம். முழு மொசைக் படங்களை (பல படங்களை ஒட்டிச் செய்த பெரிய படங்கள்) திறக்க 16 ஜிபி வேண்டும். ஒரு ஃபில்டரின் மொசைக் பல ஜிபி வரும். ஆறேழு ஃபில்டர், ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பிழைப் படம் என்று சேர்த்தால் மடிக்கணினியின் வட்டு நிரம்பிவிடும், அதனால் 1 டெராபைட் புற வட்டு ஒன்று வாங்கிவிடுங்கள். பணம் இல்லையென்றால் கூகுள் கோலாபில் வெட்டுப் படங்களை மட்டும் ஏற்றிச் செய்யலாம். பத்துக் கேலக்ஸிக்கு அது போதும்.

மழைக்காலத்தை மறக்காதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கடற்கரையில் மின்சாரத்தையும் இணையத்தையும் நம்பி எதையும் திட்டமிட முடியாது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது என்ன ஆனது என்பது உங்களுக்கே நினைவிருக்கும். தரவிறக்கத்தைச் செப்டம்பருக்குள் முடித்து, வட்டில் ஒரு பிரதி, கல்லூரிக் கணினியில் ஒரு பிரதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. தரவை எங்கிருந்து எடுப்பது

வெப் தரவு எல்லாம் மாஸ்ட் என்ற ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் பால்டிமோரிலுள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் நடத்துவது. பொதுத் தரவை இறக்கக் கணக்கு கூடத் தேவையில்லை. சில திட்டங்களின் தரவு முதல் 12 மாதம் வரை அந்தக் குழுவுக்கு மட்டும் உரியதாக இருக்கும், அதைத் தேடிப் போக வேண்டாம். பொதுவில் கிடைப்பதே உங்கள் ஆயுளுக்குப் போதும்.

தொடக்கத்துக்கு இரண்டு புலங்களை, அதாவது வெப் படமெடுத்த வானத் துண்டுகளை, சொல்வேன். ஒன்று சீயர்ஸ், திட்ட எண் 1345. எடுத்த உடனே பொதுவில் விடப்பட்ட தரவு, ஏராளமானோர் அளந்திருக்கிறார்கள். இரண்டாவது ஜேட்ஸ், திட்ட எண்கள் 1180, 1210 முதலியவை. இது இன்னும் ஆழமானது. இதன் தென்புலம் ஃபோர்னாக்ஸ் விண்மீன் குழுவில், வான நடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ 28 பாகையில் இருக்கிறது. டிசம்பர் இரவில் சில்வர் பீச்சில் நின்று தெற்கே பார்த்தால் அந்தத் துண்டு வானம் அடிவானுக்கு மேல் 50 பாகை உயரத்தில் இருக்கும். கண்ணுக்கு அங்கே ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒரு முறை போய்ப் பாருங்கள். உங்கள் கணினியில் இருக்கும் படம் எந்த வானத்துடையது என்று தெரிந்து வேலை செய்வது நல்லது.

கச்சாத் தரவிலிருந்து தொடங்க வேண்டாம். அதைச் சுத்தம் செய்வது தனியாக ஒரு புராஜெக்ட். ஆய்வுக் குழுக்கள் சுத்தம் செய்து வெளியிட்ட மொசைக்குகளை எடுங்கள். கோபன்ஹேகனிலுள்ள காஸ்மிக் டான் மையம் பல புலங்களின் மொசைக்குகளையும் நிறமாலைகளையும் ஒரே முறையில் பதப்படுத்தி வெளியிடுகிறது. புதியவர்களுக்கு அதுவே எளிது.

இறக்கும்போதே ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். கோப்பின் முழுப் பெயர், இறக்கிய தேதி, எந்தப் பதிப்பு, கோப்பின் தலைப்புப் பகுதியில் (ஹெடர்) இருக்கும் அளவுத்திருத்தக் கோப்பு எண். 2022 ஜூலையில் முதல் படங்கள் வந்தபோது நியர்கேமின் அளவுத்திருத்தம் முழுமையடைந்திருக்கவில்லை, பிறகு திருத்தப்பட்டது. பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் கலந்துவிட்டால் விடை கோணிப்போகும், எங்கே தவறு என்று கண்டுபிடிக்கவே முடியாது.

5. அலகு: பெரும்பாலானோர் விழும் குழி

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். நான் பார்த்த தவறான விடைகளில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறந்தவை.

வெப்பின் அதிகாரபூர்வப் படங்களில் ஒவ்வொரு பிக்சலிலும் இருக்கும் எண்ணின் அலகு மெகாஜான்ஸ்கி பெர் ஸ்டெரேடியன். இது ஒளியின் மொத்த அளவைச் சொல்லாது, வானத்தின் பரப்பளவுக்கு எவ்வளவு ஒளி என்று சொல்லும். ஒரு குழிக்கு என்ன விலை என்று மட்டும் தெரிந்தால் மனையின் விலை வராது, மனை எத்தனை குழி என்றும் தெரிய வேண்டும். அதேபோல ஒரு பிக்சல் வானத்தில் எவ்வளவு பரப்பை அடைக்கிறது என்பதால் பெருக்க வேண்டும். அந்தப் பரப்பும் தலைப்புப் பகுதியிலேயே கொடுக்கப்பட்டிருக்கும்.

கையால் ஒரு முறை போட்டுப் பாருங்கள். 1 மெகாஜான்ஸ்கி பெர் ஸ்டெரேடியன் என்பது ஒரு சதுர வில்நொடிக்கு (வில்நொடி ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) 23.5 மைக்ரோஜான்ஸ்கி. பிக்சலின் பக்கம் 0.03 வில்நொடி என்றால் பரப்பு 0.0009 சதுர வில்நொடி. பெருக்கினால் ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ 21.15 நானோஜான்ஸ்கி. பக்கம் 0.04 வில்நொடி என்றால் அதுவே 37.6 ஆகிவிடும். பிக்சல் அளவு மாறினால் பெருக்கும் எண்ணும் மாறும் என்பதை மறந்தால், ஒரே கேலக்ஸி இரண்டு படத்தில் இரண்டு பொலிவு காட்டும்.

எல்லாக் குழுக்களும் இதே அலகில் வெளியிடுவதில்லை. சிலர் ஒரு பிக்சலுக்கு 10 நானோஜான்ஸ்கி என்ற அலகில் கொடுப்பார்கள். அந்தப் படத்தை மேலே சொன்ன எண்ணால் மறுபடி பெருக்கினால் விடை முழுக்க வீண். கோப்பைத் திறந்தவுடன் முதல் வேலை தலைப்புப் பகுதியில் அலகு வரியைப் படிப்பதுதான். இதைப் பத்துக் கோப்புக்கும் தனித்தனியாகச் செய்யுங்கள்.

நானோஜான்ஸ்கி கிடைத்ததும் ஏபி பொலிவெண்ணுக்கு (வானியலில் வழக்கமான பொலிவு அளவுகோல்) மாற்றும் விதி இது: 31.4-இலிருந்து, ஃபிளக்ஸின் (அளந்த ஒளியளவின்) பத்தடிமான மடக்கையை 2.5-ஆல் பெருக்கி வருவதைக் கழியுங்கள். மைக்ரோஜான்ஸ்கியில் வைத்திருந்தால் 31.4-க்குப் பதில் 23.9. 10 நானோஜான்ஸ்கி அலகு என்றால் 28.9. இந்த மூன்று எண்களையும் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளுங்கள். பொலிவெண் கூடக் கூடப் பொலிவு குறையும் என்பதும் பழக்கத்துக்கு வரச் சில நாள் ஆகும்.

6. வட்டம் போடுவது, பின்னணியைக் கழிப்பது, பிழை கணிப்பது

கேலக்ஸியின் மேல் ஒரு வட்டம் போட்டு உள்ளே இருக்கும் ஒளியைக் கூட்ட வேண்டும். பெரிய வட்டம் போட்டால் பின்னணி இரைச்சலும் பக்கத்து வீட்டுக் கேலக்ஸியும் உள்ளே வந்துவிடும். சிறிய வட்டம் போட்டால் கேலக்ஸியின் ஒளியில் ஒரு பங்கு வெளியே போய்விடும். மங்கலான கேலக்ஸிகளுக்கு வழக்கமாகச் செய்வது, 0.3 வில்நொடி விட்டமுள்ள சிறு வட்டத்தில் அளந்து, வெளியே போன பங்கைத் தனியாகத் திருத்துவது. வெளியே போன பங்கு எவ்வளவு என்று தெரிய, கருவி ஒரு புள்ளி ஒளியை எப்படிப் பரப்பிக் காட்டுகிறது என்பது தெரிய வேண்டும். எஃப்115டபிள்யூ-வில் புள்ளி ஒளியின் அகலம் ஏறத்தாழ 0.04 வில்நொடி, எஃப்444டபிள்யூ-வில் 0.145. நீண்ட அலைநீளத்தில் ஒளி அதிகம் பரவும், திருத்தமும் அதிகமாகும். ஒரே வட்டத்தை எல்லா ஃபில்டரிலும் போட்டு, திருத்தாமல் நிறத்தை ஒப்பிட்டால் கேலக்ஸி இருப்பதைவிட நீலமாகத் தெரியும்.

புள்ளி ஒளிக்கான திருத்தம் மட்டும் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கேலக்ஸிக்கென்று ஓர் அகலம் உண்டு. அந்தத் திருத்தத்துக்கு, பொலிவான ஃபில்டர்களையெல்லாம் கூட்டிய படத்தில் பெரிய நீள்வட்டம் ஒன்று போட்டு, சிறு வட்டத்துக்கும் அதற்கும் உள்ள விகிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த விகிதத்தால் பெருக்கினீர்கள் என்று ஒவ்வொரு கேலக்ஸிக்கும் எழுதிவைக்க வேண்டும். தேர்வாளர் கட்டாயம் கேட்பார்.

பிழைக்கு வருவோம். பிக்சல்களின் சிதறலை எடுத்து, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் பெருக்கி "இதுதான் பிழை" என்று எழுதுவது பாடநூல் முறை. இங்கே அது பொருந்தாது. பல படங்களை நகர்த்தி ஒட்டி மொசைக் செய்யும்போது ஒரு பிக்சலின் இரைச்சல் பக்கத்துப் பிக்சலுக்கும் பரவிவிடுகிறது, பிக்சல்கள் ஒன்றையொன்று சாராதவை என்ற அடிப்படை போய்விடுகிறது. பிழை உண்மையைவிடக் குறைவாக வரும். சரியான வழி உழைப்புக் கூடியது, ஆனால் எளிது. படத்தில் எதுவும் இல்லாத இடங்களில் அதே அளவு வட்டங்களை ஆயிரம் போடுங்கள். அந்த ஆயிரம் எண்களின் சிதறல்தான் உங்கள் பிழை. ஃபோட்யூட்டில்ஸில் இருபது வரி நிரலில் முடியும்.

ஃபிளக்ஸ் பிழையைப் போல 5 மடங்கு என்றால் பொலிவெண்ணில் பிழை ஏறத்தாழ 0.22. 10 மடங்கு என்றால் 0.11. இதைவிடச் சிறிய பிழையை நீங்கள் எழுதியிருந்தால் எங்கோ தவறியிருக்கிறது.

படத்தைக் கண்ணாலும் பாருங்கள். பொலிவான விண்மீனின் கதிர்முனை, சூடான பிக்சல், படத்தின் ஓரம், சிதறிய ஒளியின் மெல்லிய கீற்று, இவையெல்லாம் கேலக்ஸி போலவே நடிக்கும். நிரல் கண்டுபிடிக்காததைக் கண் கண்டுபிடிக்கும்.

7. தொலைவு உண்மைதானா என்று உறுதிசெய்யுங்கள்

நிறமாலையால் உறுதியான செம்பெயர்ச்சி உள்ள கேலக்ஸிகளை மட்டும் முதல் புராஜெக்ட்டுக்கு எடுங்கள். நிறத்தை வைத்து ஊகித்த செம்பெயர்ச்சி பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் தவறினால் சிறிதாகத் தவறாது.

இதற்குச் சீயர்ஸ் புலத்தில் ஒரு பாடமே இருக்கிறது. 93316 என்ற எண்ணுள்ள கேலக்ஸியை 2022-இல் நிறத்தை வைத்து செம்பெயர்ச்சி 16-க்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். நிறமாலை எடுத்தபோது 4.9 என்று வந்தது. தூசு நிறைந்த கேலக்ஸி அது. அதன் ஆக்சிஜன், ஹைட்ரஜன் கோடுகள் சரியாக அந்த அந்த ஃபில்டர்களில் விழுந்து, லைமன் வெட்டு போன்ற தோற்றத்தைக் கொடுத்துவிட்டன. செம்பெயர்ச்சி 7-க்கும் இதே ஆபத்து உண்டு. செம்பெயர்ச்சி 1.5 அளவிலுள்ள முதிர்ந்த கேலக்ஸியில் 4000 ஆங்ஸ்ட்ரம் அருகே ஒரு வெட்டு இருக்கும், அதுவும் 1 மைக்ரான் பக்கத்தில் வந்து நிற்கும். நம் பால்வீதியின் பழுப்புக் குள்ளன்களும் (விண்மீனாகும் அளவுக்கு நிறை இல்லாதவை) இந்த நிறத்தில் தெரியும்.

லைமன் வெட்டை மட்டும் வைத்து எடுத்த நிறமாலைச் செம்பெயர்ச்சியும் சிறிது நகரலாம். ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற கேலக்ஸிக்கு வெப் நிறமாலை 14.32 என்று கொடுத்தது. சிலியிலுள்ள ஆல்மா தொலைநோக்கி ஆக்சிஜன் கோட்டைப் பிடித்தபோது 14.18 என்று தெரிந்தது. சுற்றியுள்ள நடுநிலை ஹைட்ரஜன் வெட்டின் விளிம்பை மழுக்கிவிடுவதால் வரும் வேறுபாடு இது. நாம் தேடுகிற மறு அயனியாக்கத்தின் தடயமே அளவீட்டைத் தொந்தரவு செய்கிறது என்பதைக் கவனியுங்கள். கோடுகளால் உறுதியானது, வெட்டால் உறுதியானது என்று அட்டவணையில் தனி நெடுவரிசை வைத்து எழுதுங்கள்.

8. தனிப் பொலிவெண்ணுக்கு மாற்றுதல்

கேலக்ஸி 10 பார்செக் தொலைவில் இருந்தால் எவ்வளவு பொலிவாகத் தெரியும் என்பதே தனிப் பொலிவெண். மூன்று உறுப்புகள்: அளந்த பொலிவெண், அதிலிருந்து தொலைவு மாடுலஸை (தொலைவைப் பொலிவெண் கணக்கில் சொல்லும் எண்) கழிக்க வேண்டும், பிறகு செம்பெயர்ச்சியோடு 1 கூட்டி அதன் மடக்கையை 2.5-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். இந்த மூன்றாவது உறுப்பைத்தான் பலர் விடுகிறார்கள்.

ஓர் உதாரணம். 0.03 வில்நொடிப் பிக்சல் படத்தில் சிறு வட்டத்துக்குள் கூட்டுத்தொகை 0.9 என்று வைத்துக்கொள்வோம். 21.15-ஆல் பெருக்கினால் 19.0 நானோஜான்ஸ்கி. வட்டத்துக்கு வெளியே போனதற்கு 1.2 மடங்கு திருத்தம் போட்டால் 22.8. பொலிவெண் 28.0. செம்பெயர்ச்சி 7 என்றால், ஹபிள் மாறிலி 70, பருப்பொருள் பங்கு 0.3 என்ற வழக்கமான தட்டை அண்டத்தில் ஒளிர்வுத் தொலைவு ஏறத்தாழ 69,000 மெகாபார்செக், மாடுலஸ் 49.2. மூன்றாவது உறுப்பு 2.26. ஆக 28.0 - 49.2 + 2.26 = -18.9.

அந்த 2.26-ஐ விட்டிருந்தால் -21.2 வந்திருக்கும். பார்க்க நம்பும்படியான எண்தான், ஆனால் கேலக்ஸி உண்மையைவிட 8 மடங்கு ஒளிர்வதாகப் பொருள். நம்பும்படி இருப்பதால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை.

எஃப்115டபிள்யூ-வின் மைய அலைநீளம் 1.15 மைக்ரான். 8-ஆல் வகுத்தால் கேலக்ஸியின் சொந்த அலைநீளத்தில் 1440 ஆங்ஸ்ட்ரம். துறையின் வழக்கமான 1500-க்கு இது மிக அருகில், வித்தியாசம் பொலிவெண்ணில் நூறில் ஒன்றிரண்டு அளவுதான். திருத்த வேண்டாம், திருத்தவில்லை என்று எழுதினால் போதும்.

செம்பெயர்ச்சியில் சிறு பிழை இருந்தாலும் பயப்படாதீர்கள். 7-க்குப் பதில் 7.3 என்று இருந்தால்கூட விடை 0.06 அளவே மாறும். ஆஸ்ட்ரோபையில் எந்த அண்ட மாதிரியைத் தேர்ந்தீர்கள் என்பதை மட்டும் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

9. இரண்டு சிறு திருத்தங்கள்

கேலக்ஸிக் கொத்துகளின் பின்னாலுள்ள புலங்களை, உதாரணமாக ஏபெல் 2744-ஐ எடுத்தால், கொத்தின் ஈர்ப்பு ஒரு வில்லையாகி ஒளியைப் பெருக்கியிருக்கும். 10 மடங்கு பெருக்கம் என்றால் 2.5 பொலிவெண் மங்கலாக்கித் திருத்த வேண்டும். பெருக்க வரைபடங்கள் குழுவுக்குக் குழு வேறுபடும். முதல் புராஜெக்ட்டில் வில்லைப் புலங்களைத் தவிர்த்துவிடலாம்.

தூசு புற ஊதாவைத் தின்னும். இரண்டு ஃபில்டரில் ஏபி பொலிவெண் ஒன்றாக இருந்தால் புற ஊதாச் சரிவு பீட்டா (அலைநீளத்தோடு ஒளி எப்படி மாறுகிறது என்று சொல்லும் எண்) -2. அதைவிடச் சிவந்திருந்தால் தூசு இருக்கலாம். திருத்தாத எண்ணை முதன்மை விடையாகவும், திருத்தியதைத் தனி நெடுவரிசையிலும் கொடுங்கள்.

10. இந்த எண்ணிலிருந்து மறு அயனியாக்கத்துக்கு எவ்வளவு தூரம்

-18.9 என்பதை ஒளிர்வாக மாற்றினால் ஒரு ஹெர்ட்ஸுக்கு நொடிக்கு 10-இன் அடுக்கு 28.2 எர்க். ஒவ்வொரு எர்க் பெர் ஹெர்ட்ஸுக்கும் எத்தனை அயனியாக்க ஃபோட்டான் பிறக்கிறது என்பதற்கு வழக்கமாக எடுக்கும் மதிப்பு 10-இன் அடுக்கு 25.3 அளவு. இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு 10-இன் அடுக்கு 53.5 ஃபோட்டான்கள். இது கேலக்ஸிக்குள் பிறப்பது. அதில் எத்தனை வெளியே தப்பி வருகிறது என்பது மூன்றாவது எண். கேலக்ஸிகளே மறு அயனியாக்கத்தை முடித்தன என்ற கணக்குகள் பெரும்பாலும் 10 முதல் 20 விழுக்காடு தப்பினால் போதும் என்கின்றன. ஆனால் செம்பெயர்ச்சி 7-இல் அந்தத் தப்பும் பங்கை நேரடியாக அளக்க முடியாது. வழியிலுள்ள ஹைட்ரஜன் அந்த ஃபோட்டான்களை விழுங்கிவிடும்.

நீங்கள் அளந்தது மூன்றில் ஒன்று. மற்ற இரண்டும் எடுத்துக்கொண்ட மதிப்புகள் என்று அறிக்கையில் தெளிவாக எழுதுங்கள். அயனியாக்கத் திறனையும் தப்பும் பங்கையும் இரண்டு மடங்கு மாற்றிப் போட்டு, முடிவு எவ்வளவு ஆடுகிறது என்று ஒரு வரைபடம் காட்டினால் அதுவே நல்ல அத்தியாயம்.

மங்கலான கேலக்ஸிகளில் இத்தனை கவனம் ஏன் என்பதும் இங்கேதான் புரியும். செம்பெயர்ச்சி 7-இல் கேலக்ஸிகளின் ஒளிர்வுப் பரவலின் (எந்தப் பொலிவில் எத்தனை கேலக்ஸி என்ற கணக்கின்) மங்கல் பக்கச் சரிவு ஏறத்தாழ -2. அப்படியென்றால் -20 முதல் -19 வரையுள்ள கேலக்ஸிகள் எல்லாம் சேர்ந்து தரும் ஒளியும், -16 முதல் -15 வரையுள்ளவை எல்லாம் சேர்ந்து தரும் ஒளியும் கிட்டத்தட்ட ஒரே அளவு. நம்மால் நன்றாகப் பார்க்க முடிவது முதல் கூட்டத்தைத்தான். கூட்டலை -17-இல் நிறுத்துவதா, -13 வரை கொண்டுபோவதா என்பது விடையையே மாற்றும். அறிக்கையில் எங்கே நிறுத்தினீர்கள் என்று எழுதாத மொத்த ஒளிக்கு மதிப்பே இல்லை.

பத்துக் கேலக்ஸியை வைத்துப் பரவலைக் கணிக்க முயலாதீர்கள். அதற்கு எத்தனை கேலக்ஸி தவறிப்போனது என்று செயற்கைக் கேலக்ஸிகளைப் படத்தில் நட்டுச் சோதிக்க வேண்டும், புலத்துக்குப் புலம் அடர்த்தி மாறுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். உங்கள் பத்துப் புள்ளிகளை, வெளியான பட்டியலின் மதிப்புகளோடு ஒப்பிட்டு ஒரு வரைபடம் போடுங்கள். சராசரி வேறுபாடு 0.1-க்குள் வந்தால் நிம்மதியாக இருக்கலாம். 0.3-க்கு மேல் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் 5, 6-ஆம் படிகளுக்குத் திரும்புங்கள். வட்டத் திருத்தம்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம்.

11. அறிக்கையும் அடுத்த விண்ணப்பமும்

நேரத்தை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்துக்கு முன் தரவிறக்கம். மழைக்காலத்தில் கட்டுரை வாசிப்பும் ஒரே ஒரு கேலக்ஸியின் அளவீடும். ஜனவரி, பிப்ரவரியில் பத்தும். மார்ச் முழுவதும் பிழைக் கணக்குக்கும் ஒப்பீட்டுக்கும். ஏப்ரலில் எழுத்து. பிழைக் கணக்குக்கு ஒரு மாதமா என்று தோன்றும். குறைக்காதீர்கள்.

அறிக்கையில் தரவுக்கு நன்றியுரை கட்டாயம்: தொலைநோக்கி, ஆவணக்காப்பகம், திட்ட எண், மொசைக் வெளியிட்ட குழு. மாஸ்டில் நீங்கள் பயன்படுத்திய தரவுத் தொகுப்புக்கு நிலையான அடையாள எண் உருவாக்கிக்கொள்ளும் வசதி உண்டு, அதையும் சேருங்கள். ஒப்புமைச் சோதனையில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 விழுக்காடு வரை சிக்கலில்லை. சூத்திர விளக்கப் பத்திகளைக் கட்டுரைகளிலிருந்து அப்படியே எடுத்தால் அந்த வரம்பைத் தாண்டிவிடும், சொந்த வாக்கியத்தில் எழுதுங்கள். நிரலைப் பொதுவில் ஏற்றிவிட்டு இணைப்பைப் பின்னிணைப்பில் கொடுங்கள். அடுத்த ஆண்டு உங்கள் துறையில் இதைத் தொடர ஒருவர் வருவார்.

முதலாண்டிலேயே இதைத் தொடங்குபவர்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மூன்று அறிவியல் அகாதமிகள் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பம் வழக்கமாக முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களில், அதாவது நம் மழைக்காலத்தில் வரும். மதிப்பெண் பட்டியல்களின் நகல், கல்லூரியின் போனஃபைடு சான்று, என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்ற குறிப்பு, ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம், இவை தேவைப்படும். குறிப்பில் "எஃப்115டபிள்யூ படத்தில் இந்தக் கேலக்ஸியை அளந்தேன், பிழை இவ்வளவு" என்று ஒரு வரி எழுத முடிந்தால் அது தனியாகத் தெரியும். போனஃபைடு சான்றை ஆயுத பூஜை விடுமுறைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். பரிந்துரைக் கடிதம் கேட்கும் ஆசிரியருக்குக் கடைசித் தேதிக்கு மூன்று வாரம் முன்பாக, உங்கள் குறிப்பையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.